நாங்கூழ் கொழுத்த மண்

மகளே பிலோமி,

கையெழுத்தைப் பார்த்ததும் உன் தங்கை ஜெசிதான் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாய். கை அவளுடையது, பேச்சு என்னுடையது. உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு போகிறேன், அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் அவளைக் குறை சொல்லாதே. உன் அப்பா வெளியே மணலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அவர் ஒரு முறை இருமினால் இவள் கை நின்றுவிடுகிறது, விளக்கைத் தணித்துவிடுகிறாள். இந்தப் பேச்சு வாசலைத் தாண்டினால் இவள் படிப்பு இந்த வருஷத்தோடு சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் திருடர்களைப் போல அடுப்படியில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேறுகாலத்துக்கு நீ இங்கே வராதே. மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கியதும் அப்பா உன்னைக் கூட்டிவர வேம்பாருக்கு வருவார். பூ, பழம், பலகாரம் என்று முறைப்படி எல்லாம் கொண்டுவருவார். உன் மாமியாரும் உன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். நீ புறப்படாதே. முதல் பிள்ளையைத்தான் பறிகொடுத்தோம், இந்தப் பிள்ளையையாவது அம்மா வீட்டில் போய் நல்லபடியாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று நீ நாளை எண்ணிக்கொண்டிருப்பாய். அந்த அம்மாவே வராதே என்கிறேன். போன தடவை நடந்ததை வைத்து நான் இன்னும் உன்னைக் கரித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. அது இல்லை. கடைசிவரை வாசி.

நம் வீட்டுப் பின்பக்கத்து மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நான் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். எங்கள் வயலில் எங்கே மண்வெட்டி போட்டாலும் நாங்கூழ் நெளியும். மண்புழு என்று எழுதட்டுமா என்று ஜெசி கேட்கிறாள். எனக்கு அது நாங்கூழ்தான், அப்படியே எழுது என்று சொல்லிவிட்டேன். ஒரு கை மண்ணை அள்ளி, அதில் எத்தனை நாங்கூழ் நெளிகிறது என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நிலத்தை மதிப்பார்கள். கலியாணமாகிக் கடற்கரைக்கு வந்தபோது இங்கே திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை மணல். ஒரு கீரை விதை முளைக்காது. நீ வயிற்றில் இருந்தபோது எனக்குப் புளிப்பிலும் ஆசையில்லை, மாங்காயிலும் ஆசையில்லை. கறுத்த மண்ணில் ஒரு முருங்கை வைக்க வேண்டும் என்றுதான் ஆசை. உன் அப்பா அதற்கும் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊர்க் குளத்து வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து கொட்டினார். பக்கத்து வீட்டு அருளம்மை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏளா, கடல்ல வயல் போடப் போறியாக்கும்" என்று கேட்டாள். பிறகு அவளே கருவேப்பிலைக்கும் வாழையிலைக்கும் வந்து நின்றாள். அந்த வண்டலோடு நாங்கூழும் வந்துவிட்டது. துணி துவைக்கிற கல்லிலிருந்து ஓடுகிற தண்ணீரில் அது பெருகியது. இந்தத் தெருவிலேயே நாங்கூழ் உள்ள மண் என் வீட்டு மண்தான் என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

ஈயம் அதற்குப் பிறகு வந்தது. அப்பா முத்துக் குளித்த கதைகளை நீ அவர் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். முத்துக் குளிப்பு நின்றபின் சங்குக்குப் போனார். காது உடைந்து ரத்தம் வந்த பிறகு அதற்கும் முடியாது என்று ஆகிவிட்டது. கடலுக்குள் இருந்த மனுஷன் கரையில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில் நைலான் வலை வந்தது. பழைய நூல்வலையைத் தண்ணீரில் தாழ்த்தச் சுட்ட மண்குண்டு போதும். நைலானுக்கு ஈயக்குண்டு வேண்டும். துறைமுகம் பெரிதானதும் லாரிகள் பெருகின, லாரிப் பட்டறைகளில் செத்த பேட்டரிகள் குவிந்தன. அப்பா அவற்றை வாங்கிவந்து உடைத்து, உள்ளே இருக்கிற தகட்டை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்தார். நீயும் ஜெசியும் ஆறின குண்டுகளைக் கோத்து மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடுவீர்கள். நான் பார்த்துச் சிரித்தேன். அந்தக் குண்டுதான் நம் வீட்டு அடுப்பை எரித்தது, உன்னைக் கரையேற்றியது. அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.

பேட்டரியில் இருக்கிற தண்ணீர் பட்டால் செடி கருகும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் மணலில் கொட்டச் சொல்வேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. ஆனால் சட்டிக்குக் கீழே எரிந்த சாம்பலை நான் விடவில்லை. கீரைக்குச் சாம்பல் தூவினால் பூச்சி விழாது என்று எங்கள் ஊரில் பழகினவள் இல்லையா. சட்டியிலிருந்து வழித்துப் போட்ட கசடும் அந்தச் சாம்பலில்தான் கிடக்கும். கட்டியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை முறத்தில் அள்ளி முருங்கைக்கும் வாழைக்கும் போட்டேன். அப்பாவின் சட்டையில் இருந்த சாம்பல் நிறத் தூளையும் அந்தத் துவைக்கிற கல்லில்தான் அடித்துத் துவைத்தேன். வருஷக்கணக்காக என் கையாலேயே போட்டேன் மகளே. நாங்கூழ் குறையவில்லை. கிண்டினால் விரல் தடிமனுக்கு வந்தது. நாங்கூழ் இருக்கும்வரை மண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

நீ முதல் பேறுகாலத்துக்கு வந்தபோது உன் முகம் வெளிறிக் கிடந்தது. மாமியார் வீட்டில் என் பிள்ளைக்கு ஊட்டமில்லை என்று மனதுக்குள் ஒரு குத்தல். என் கையால் தேற்றிக் காட்ட வேண்டும் என்று வீம்பு. காலையில் எழுந்ததும் களைக்கொத்தியோடு துவைக்கிற கல்லடிக்குப் போய், சிரட்டை நிறைய நாங்கூழ் தோண்டிக் கோழிகளுக்குப் போட்டேன். மண்ணைத் தின்று கொழுத்த நாங்கூழ், நாங்கூழைத் தின்று கொழுத்த கோழி. முட்டையை உடைத்தால் மஞ்சள்கரு செக்கச்செவேல் என்று இருந்தது. கடை முட்டை இந்த நிறத்தில் இருக்குமா என்று அருளம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த முட்டையை அவித்தும் பொரித்தும் உனக்குக் கொடுத்தேன். கூடவே அந்த மண்ணில் முளைத்த கீரை. வாயெல்லாம் துரு நக்கினது மாதிரி இருக்கிறது என்றாய். வயிறு முறுக்குகிறது என்றாய். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்றேன். ஒரு நாள் பார்த்தால், நீ முட்டையில் பாதியை வாழைக்கு அடியில் பூனைக்கு வைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துவந்து, "பூனைக்கா பேறுகாலம் பாக்கேன்" என்று கேட்டேன். நீகூடச் சிரித்துவிட்டாய். அன்று முதல் நீ விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பூனை பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. தெருப் பையன்கள் கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்பா சண்டை போடவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். மணலில் வேண்டாம், மணல் சரியும், நாய் கிளறும், முருங்கைக்கு அடியில் என் மண்ணில் வையுங்கள், நல்ல மண்ணில் கிடக்கட்டும் என்று சொன்னது நான். அந்தச் சின்னப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் உன் மாமியார் வந்து உட்கார்ந்து, என்ன நடந்தது என்று மெதுவாகத்தான் கேட்டார்கள். குற்றமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வளர்ப்பில், என் வீட்டுச் சாப்பாட்டில் குறை வந்துவிடக் கூடாது என்று உன்னை எடுத்து முன்னால் போட்டுவிட்டேன். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "நான் ஒரு கொறையும் வைக்கல சம்மந்தி. முட்டையும் கீரையுமா குடுத்தேன். இவதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டா. உச்சி வெயில்ல ஹார்பர்ல கப்பல் பாக்கணும்னு போயிட்டு வந்தா." இதை எழுத வேண்டாம் அம்மா என்று ஜெசி பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் சொன்னதை நீயே நம்பிவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு நீ வெயிலில் வெளியே போவதே இல்லை என்று மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னபோதும், நான் வாயைத் திறக்கவில்லை.

(அக்கா, இது ஜெசி. அப்பா தூங்குகிறாரா என்று பார்க்க அம்மா எழுந்து போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன். கப்பல் பார்க்கப் போகலாம் என்று உன்னை நச்சரித்தது நான். நீ மாட்டேன் என்றாய், நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா மாமியிடம் அப்படிச் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் கூட்டிப்போனேன் என்று வந்து சொல்லவில்லை. இன்னொன்று. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் அம்மாவின் ஈறைப் பார்த்தார்கள். ஈயம் உடம்பில் ஏறினால் அங்கே கறுப்புக் கோடு விழுமாம், அவளுக்கு இருக்கிறது. அந்த மண்ணைத் தினமும் வெறுங்கையால் கிண்டினவள் அவள்தான். அதை எழுதக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அப்பா என்னை அடித்ததே கிடையாது. அடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து போகிறார். வருகிறாள்.)

இந்த வருஷம் ஜெசியின் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிளஸ் டூ வகுப்பில் விலங்கியலுக்கு நாங்கூழை அறுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்கள். கடற்கரைப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இவள் ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனாள். வகுப்பில் இவளுக்குப் புழுக்காரி என்று பெயரே வைத்துவிட்டார்களாம். எனக்கு அதிலும் பெருமை. அதே சமயம் வேதியியல் டீச்சர் உப்புகளைச் சோதிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எந்த உப்பில் ஈயம் இருக்கிறதோ, அதைக் கரைத்து ஒரு மருந்தைச் சொட்டினால் மஞ்சளாகத் திரியுமாம். ஈயம் விஷம், அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர்களுக்கும் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் அது உடம்பில் ஏறும், வயிறு முறுக்கும், கை மணிக்கட்டிலிருந்து தொங்கிப்போகும் என்று டீச்சர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்களாம். இவளுக்கு அங்கேயே வியர்த்துவிட்டது. கொஞ்ச நாளாக அப்பா வலதுகையில் துணியைச் சுற்றிக்கொண்டு இடதுகையால் கரண்டி பிடிப்பதை இவளும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். சுளுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவள் டீச்சரிடம் கெஞ்சி, வீட்டு நாங்கூழையும் பள்ளிக்கூடத் தோட்டத்து நாங்கூழையும் தனித்தனியாக எடுத்தாள். டீச்சர் அவற்றை முதலில் நனைந்த தாளில் போட்டு வைக்கச் சொன்னார்கள். வயிற்றில் இருக்கிற மண்ணெல்லாம் கழிந்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் மண்ணில் இருப்பதா, புழுவின் சதையில் இருப்பதா என்று தெரியாதாம். பிறகு காயவைத்து, எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்து வடிகட்டிச் சொட்டு விட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புழுவில் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் புழுவில் மங்கலாக மஞ்சள் படர்ந்தது. நம் வீட்டு மண்ணைக் கரைத்துச் சொட்டியபோது மஞ்சள் கட்டியாகவே அடியில் இறங்கிவிட்டதாம். நாங்கூழ் மண்ணைத் தின்று மண்ணையே கழிக்கிறது, ஈயத்தில் கொஞ்சத்தை உடம்பில் தக்கவைத்துக்கொள்கிறது, அப்படித் தின்று தின்று சேர்கிறது, ஆனாலும் சாவதில்லை என்று டீச்சர் சொன்னார்களாம். எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் விளங்கவே இல்லை. சாகவில்லை என்றால் கேடு இல்லை என்றுதானே நான் இத்தனை காலம் நம்பினேன்? அது உயிரோடு நெளிந்துகொண்டே விஷத்தைச் சேர்த்து வைத்திருந்தது. நான் அதை ஒவ்வொன்றாகத் தோண்டிக் கோழிக்கும், கோழி வழியாக உனக்கும் கொடுத்தேன்.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெசியும் நானும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது குறைப்பிரசவமோ பிள்ளை தவறியதோ உண்டா என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் அழுததைப் பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். தாய் உடம்பில் ஏறின ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்றார்கள். "அந்தப் பிள்ளை எதனால போச்சுன்னு இப்ப யாரும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தப் பிள்ளைய அந்த மண்ணுக்குக் கொண்டுவராதீங்க." பிலோமி, இதை இரண்டு தரம் வாசி. யாரும் சத்தியம் பண்ண முடியாது என்று அவர்கள் சொன்னதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீ கப்பல் பார்க்கப் போனதால் பிள்ளை போகவில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் வந்து சத்தியம் பண்ணுவேன்.

அப்பாவிடம் ஜெசிதான் சொன்னாள். முதலில் சிரித்தார். "ஏளா, எத்தன வருஷமா இதத்தான் ஊத்துதேன். நான் செத்தா போனேன்" என்றார். இவள் விடாமல், "கை தொங்குதுல்லாப்பா" என்றாள். அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அப்பன் கைய அளக்கவா ஒன்னியப் படிக்க வச்சேன்? வெளிய இதப் பேசுன, இந்த வருஷத்தோட புஸ்தகத்தக் கட்டி வச்சிரு." அதற்குமேல் நான் குறுக்கே போய், அந்த மண் முழுவதையும் வெட்டி அள்ளி எங்காவது ஆழக் குழியில் போட்டு மூடிவிடலாம் என்றேன். அவர் முருங்கை நின்ற பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அங்கன பிள்ள கிடக்கான்" என்றார். "மம்பட்டி வச்சா அந்தக் கைய முறிச்சிருவேன்." எழுந்து கடலைப் பார்த்துப் போய்விட்டார்.

மறுநாள் சாப்பிடும்போது, அவர் நம்பினாரா என்று பார்க்கத்தான் ஒரு முட்டையை வைத்தேன், கை வைத்தால் எடுத்துவிட நின்றேன். தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. அவர் நம்பிவிட்டார் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அன்றைக்கே கோழிகள் எல்லாவற்றையும் அறுத்தேன். விற்கவில்லை, ஆக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தெருக்கோடி மணலில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. அருளம்மை வந்து, "நோவு வந்துச்சாளா கோழிக்கு" என்று கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா, மண்ணை எடுக்க முடியாவிட்டால் மூடியாவது வை என்று சொல்லியிருந்தார்கள். கடற்கரை மணலைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டினேன். இருந்த கீரையெல்லாம் மூடிப்போயிற்று. அப்பா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. கறுத்த மண்ணுக்காக உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதவள், அதன்மேல் என் கையாலேயே வெள்ளை மணலைக் கொட்டினேன். உன் பிள்ளை கிடக்கிற இடத்தில் நீ வைத்த நந்தியாவட்டையை மட்டும் மூடவில்லை. சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன். அது பூத்திருக்கிறதா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்பாயே, பூத்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் உன்னைக் கூட்டிவருவேன் என்று அப்பா ஏன் நிற்கிறார் என்று கேட்பாய். காலைப் பிடித்துக் கேட்டேன். "மக பேறுகாலத்துக்கு வராட்டா ஊரு என்னன்னு கேக்கும். எந்த வாயால சொல்லச் சொல்லுத" என்றார். காரணம் வெளியே வந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கின கைதான் பிள்ளைக்கு ஈயத்தையும் கொடுத்தது என்று அவரே சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. எனக்கும் இத்தனை நாள் இருக்கவில்லை. உன்மேல் பழியைப் போட்டபோது நான் செய்ததும் இதேதான். அதனால் அவரை வெறுக்காதே. அவர் வரும்போது கை கழுவத் தண்ணீர் கொடு. சோறு போட்டால், கேட்காமலேயே ஒரு கரண்டியையும் வை. வலதுகையால் அவருக்குச் சோறு பிசைய வராது, கேட்கவும் மாட்டார்.

பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார் எனப் பொய் சொல்லிவிடு என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். அப்படிச் சொன்னால் அப்பா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார் என்றாள் ஜெசி. அவளுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால் உள்ளதைச் சொல். அந்த மண்ணுக்கு வரமாட்டேன், அம்மா சொல்லிவிட்டாள் என்று என் பெயரைச் சொல். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, முன்பு ஈயம் பட்ட உடம்பு இது என்று மறைக்காமல் சொல். உன் உடம்பிலும் கொஞ்சம் தங்கியிருக்கலாம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாளைக்கு உன் பிள்ளை எதையாவது வாயில் வைத்துத் துப்பினால், கொழுப்பு என்று சொல்லி ஊட்டாதே. ஏன் துப்புகிறது என்று ஒரு நிமிஷம் யோசி. நான் யோசிக்கவில்லை. உன் நாக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு, நான் அவர்களிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து வாசி. வேம்பாரிலும் ஈயம் உருக்குகிற வீடுகள் இருக்கும். அந்த வீட்டுப் பெண்களிடமும் வாசி. சாம்பலைச் செடிக்குப் போடாதீர்கள், நாங்கூழைப் பார்த்து மண்ணை நம்பாதீர்கள் என்று சொல். பத்து வாயில் விழுந்தால் ஒரு நாள் அப்பா காதுக்கும் வரும். கையெழுத்து யாருடையது என்றும் தெரிந்துவிடும். இதைச் சொன்னதும் ஜெசி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வரி வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அக்கா வராமல் இருந்தாலே போதும் என்றேன். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எழுதுதேன், சொல்லு" என்றாள். இவள் படிப்பு நிற்காது. அதற்கு நான் இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருத்தியின் வாயை ஏற்கெனவே அடைத்துவிட்டேன், இன்னொருத்தியின் வாயை அடைக்க விடமாட்டேன். நீ பதில் போடாதே, தபால்காரர் அப்பா கையில்தான் கொடுப்பார்.

நீ வர வேண்டாம், நான் வருகிறேன். பெண்ணைப் பெற்றவள் சம்மந்தி வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாள் என்று இரண்டு ஊரிலும் பேசுவார்கள். பேசட்டும். பேறுகாலத்துக்குப் போகிற அம்மா கோழியும் முட்டையும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு போவாள். நான் இந்த வீட்டிலிருந்து ஒரு முருங்கை இலைகூடக் கொண்டுவர மாட்டேன். உடுத்துகிற சேலையைத் தெருக்குழாயில் அலசி, அருளம்மை வீட்டுக் கொடியில் காயவைத்து உடுத்திக்கொண்டு, வெறுங்கையோடு பஸ் ஏறுவேன். அருளம்மை ஏன் என்று கேட்பாள். இந்தத் தடவை உள்ளதைச் சொல்வேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. வாசலில் ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டுத் தள்ளி நில். நகக்கண்ணில் இருக்கிற மண்ணெல்லாம் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு உன்னைத் தொடுகிறேன்.